கணக்குக் கேளுங்கள்: கூர் உச்சியும் மூன்றில் ஒரு பங்கும்

(பாலக்காட்டுக் கிழக்கு எல்லை ஊர்களிலிருந்து வந்த கேள்விகளில் பாதிக்குமேல் இந்த முறை பிரமிடைப் பற்றியே. பத்தாம் வகுப்புப் பாடம் ஒரு காரணம், கோடையில் குட்டை வெட்டுவது இன்னொரு காரணம். அதனால் எல்லாவற்றையும் ஒரே இதழில் சேர்த்துவிட்டோம்.)

கேள்வி: மகள் பத்தாம் வகுப்பு, மலையாள வழி. அட்டையில் 10 செ.மீ. சதுர அடியும் 12 செ.மீ. உயரமும் வைத்து ஒரு பெட்டி செய்தாள். அதே அடி, அதே உயரத்தில் ஒரு பிரமிடும் செய்தாள். பிரமிடில் மூன்று தடவை மணல் நிரப்பிக் கொட்டினால் பெட்டி நிறையும் என்கிறது பாடம். எங்கள் வீட்டுப் பெட்டியில் மூன்று தடவை கொட்டியும் மேலே ஒரு சென்டிமீட்டர் காலியாகவே நிற்கிறது. தவறு பாடத்திலா, மணலிலா?
*(ஒரு தாய், கொழிஞ்சாம்பாறை)*

பதில்: இரண்டிலும் இல்லை அம்மா, கத்தரிக்கோலில். பக்கத்து முக்கோணங்களை 12 செ.மீ. உயரத்துக்கு வெட்டியிருப்பாள். அது சாயுயரம். அவள் புத்தகத்தில் 'சரிவுயரம்' என்று இருக்கும். முக்கோணம் உள்பக்கமாகச் சாய்ந்துதானே நிற்கும்? சாய்ந்தால் உச்சி கீழே இறங்கிவிடும். எவ்வளவு என்று பாருங்கள்: 12-இன் வர்க்கம் 144. அடிப்பக்கத்தில் பாதி 5, அதன் வர்க்கம் 25. 144-இல் 25 போனால் 119. அதன் வர்க்கமூலம் 10.9. ஆக, அந்தப் பிரமிடின் உண்மையான உயரம் 10.9 செ.மீ.தான். மூன்று தடவை கொட்டினால் பெட்டியில் 10.9 செ.மீ. வரைதான் நிறையும். மிச்சம் 1.1 செ.மீ. காலி. நீங்கள் எழுதிய அளவே எங்களுக்குக் காரணத்தைச் சொல்லிவிட்டது. மணலை ஒழுங்காகத்தான் அளந்திருக்கிறீர்கள்.

சரியாக வர, முக்கோணத்தின் உயரம் 13 செ.மீ. இருக்க வேண்டும் (5, 12, 13). சாய்ந்த விளிம்பு ஒவ்வொன்றும் 13.9 செ.மீ. வரும். அட்டையில் முதலில் 10 செ.மீ. கோடு போட்டு, நடுவில் செங்குத்தாக 13 செ.மீ. எழுப்பி, நுனியை இரு முனைகளோடும் சேருங்கள். இப்படி நான்கு. அடியை மூடாமல் விட்டு, ஓரங்களை வெளிப்பக்கமாக டேப் ஒட்டிச் சேர்த்தால் தலைகீழாகப் பிடித்து நிரப்பலாம்.

இன்னும் மூன்று இடங்களில் கணக்கு கெடும். அரிசி, பயறு வேண்டாம், உச்சி மூலைக்குள் இறங்காது. சலித்த காய்ந்த மணலோ ரவையோ போதும். இரண்டாவது, ஒவ்வொரு தடவையும் ஸ்கேலால் தலை தட்டுங்கள். குவித்து அளந்தால் மூன்றாவது தடவையில் வழியும். மூன்றாவது, மெல்லிய அட்டைப் பெட்டி மணல் பாரத்தில் வயிறு தள்ளும். தள்ளினால் கொள்ளளவு கூடி, மறுபடியும் காலி இடம் தெரியும். பெட்டியைச் சுற்றி ஒரு நூல் கட்டிவிடுங்கள்.

மணல் கொட்டுவது நம்பவைக்கும், ஆனால் ஏன் மூன்று என்று சொல்லாது. அதற்கு இன்னொரு மாதிரி செய்து பார்க்கச் சொல்லுங்கள். 6 செ.மீ. சதுரம் ஒன்று. அதன் ஒரு மூலையில் சந்திக்கும் இரண்டு பக்கங்களிலும் 6, 6, 8.5 அளவுள்ள செங்கோண முக்கோணங்கள், செங்கோணம் அந்த மூலையில். மற்ற இரண்டு பக்கங்களிலும் 6, 8.5, 10.4 அளவுள்ள செங்கோண முக்கோணங்கள். மடித்து ஒட்டினால் உச்சி நடுவில் இல்லாமல் அந்த மூலைக்கு நேர்மேலே 6 செ.மீ. உயரத்தில் நிற்கும் கோணல் பிரமிடு கிடைக்கும். இதுபோல மூன்று செய்து, மூன்று உச்சிகளும் ஒரே மூலையில் சேரும்படி பொருத்துங்கள். 6 செ.மீ. கனசதுரம் ஒன்று இடைவெளி இல்லாமல் வந்து நிற்கும். மூன்றும் அச்சு அசலாக ஒன்று. அப்படியானால் ஒவ்வொன்றும் மூன்றில் ஒரு பங்குதானே? பொருத்தும் வழி கண்டுபிடிக்க அரைமணி நேரம் ஆகலாம். சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள்.

உச்சி கோணலாக இருந்தாலும் நடுவில் இருந்தாலும் கன அளவு மாறாது. சீட்டுக்கட்டைச் சாய்த்து வைத்தாலும் சீட்டு எண்ணிக்கை குறைவதில்லை, அதுபோல.

கேள்வி: அடியின் மூலைவிட்டமும் பக்க விளிம்பும் மட்டும் கொடுத்துக் கன அளவு கேட்டால் எங்கிருந்து தொடங்குவது?
*(மாணவர், கோபாலபுரம்)*

பதில்: முதலில் உயரம், தம்பி. பிரமிடுக்குள் நிற்கும் செங்கோண முக்கோணங்கள் இரண்டு. உயரம், அடிப்பக்கத்தில் பாதி, சாயுயரம் ஒன்று. உயரம், மூலைவிட்டத்தில் பாதி, பக்க விளிம்பு இன்னொன்று. இந்த இரண்டையும் கலந்து போட்டுத்தான் மதிப்பெண் போகிறது. மூலைவிட்டம் 24, பக்க விளிம்பு 13 என்றால் பாதி 12, உயரம் 5. சதுர அடியின் பரப்பு மூலைவிட்ட வர்க்கத்தில் பாதி, 288. கன அளவு 288 × 5 ÷ 3 = 480. பக்கத்தைத் தனியாகக் கண்டுபிடித்து வர்க்கமூலத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

கேள்வி: என் அட்டைப் பிரமிடு எழவே மாட்டேன் என்கிறது. அடி 24 செ.மீ., முக்கோண உயரம் 12 செ.மீ.
*(மாணவி, மீனாட்சிபுரம்)*

பதில்: எழாது. முக்கோண உயரம் அடிப்பக்கத்தின் பாதியைத் தாண்டினால்தான் உச்சி மேலே வரும். 12-க்கு நான்கும் தரையிலேயே படுத்து முட்டிக்கொள்ளும். 13-க்கு வெட்டிப் பார், 5 செ.மீ. எழும்.

கேள்வி: தென்னைக்குத் தண்ணீர் சேர்க்க மேலே 20 மீட்டர், அடியில் 11 மீட்டர் சதுரமாக, 3 மீட்டர் ஆழத்துக்குப் பண்ணைக்குட்டை வெட்டினோம். வெட்டியவர் மேல் பரப்பையும் கீழ் பரப்பையும் கூட்டிப் பாதியாக்கி 781.5 கன மீட்டர் என்று பில் போடுகிறார். என் தம்பி நடு அளவு 15.5 மீட்டர்தானே என்று 720.75 சொல்கிறான். யார் சரி?
*(விவசாயி, வடகரப்பதி)*

பதில்: இருவரும் இல்லை. சரியான அளவு 741 கன மீட்டர். இந்தத் தகராறு ரொம்பப் பழையது. பழைய கணித அறிஞர் பிரம்மகுப்தர் கி.பி. 628-இல் அகழ்வுக் கணக்குக்குச் சொன்ன விதியில் உங்கள் தம்பியும் இருக்கிறார், வெட்டியவரும் இருக்கிறார். நடு அளவை வைத்துப் போடுவது ஒரு தோராயம், பரப்புகளின் சராசரியை வைத்துப் போடுவது இன்னொரு தோராயம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கை முதலாவதோடு சேர்த்தால் துல்லியம் என்றார் அவர். உங்கள் குட்டைக்கு வித்தியாசம் 60.75. அதில் மூன்றில் ஒன்று 20.25. 720.75-உடன் சேர்த்தால் 741. தம்பி 20.25 குறைத்துச் சொல்கிறார், வெட்டியவர் 40.5 கூட்டிச் சொல்கிறார். கூட்டியது குறைத்ததைப்போல் எப்போதும் இரு மடங்குதான், சரிவு எப்படி இருந்தாலும். 40.5 கன மீட்டர் என்றால் 100 கன அடி யூனிட்டில் 14 யூனிட்டுக்குமேல்.

பாடப்புத்தக வழியில் போட்டாலும் இதே விடைதான். மேல் பரப்பு 400, கீழ் பரப்பு 121, இரண்டு பக்கங்களையும் பெருக்கிய 220, மூன்றையும் கூட்டி ஆழத்தால் பெருக்கி மூன்றால் வகுங்கள். 741 × 3 ÷ 3.

குட்டை நீள்சதுரமாக இருந்தால் இந்த வழி வேண்டாம். மேலே 30-க்கு 20, கீழே 21-க்கு 11 என்று வையுங்கள். நான்கு சரிவையும் கீழே நீட்டினால் ஒரு புள்ளியில் சேராது, ஒரு கோட்டில்தான் சேரும். அது வெட்டுப்பட்ட பிரமிடே இல்லை. அதற்கு மேல் பரப்பு 600, கீழ் பரப்பு 231, நடு ஆழத்தில் 25.5 × 15.5 = 395.25, அதை நான்கால் பெருக்கி 1581. கூட்டினால் 2412. ஆழம் 3-ஆல் பெருக்கி 6-ஆல் வகுத்தால் 1206 கன மீட்டர். இந்த நடுப்பரப்பு வழி சதுரக் குட்டைக்கும் பொருந்தும். ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதையே வையுங்கள்.

அளக்கும்போது பெரிய பிழை ஆழத்தில்தான் வரும். டேப்பைக் கரை ஓரமாகச் சரிவில் விட்டால் உங்கள் குட்டையில் 5.4 மீட்டர் காட்டும். அதை ஆழம் என்று போட்டால் 1300-ஐத் தாண்டிவிடும். எதிரெதிர் கரைகளில் முளை அடித்து, கொத்தனாரின் தண்ணீர் டியூபால் மட்டம் பார்த்து, கயிற்றை இழுத்துக் கட்டி, நடுவிலிருந்து தூக்குக்குண்டு விட்டு அளக்க வேண்டும். டிப்பர் நடையை எண்ணியும் பில் போடக்கூடாது. கரிசல் மண் வெட்டி அள்ளியதும் கால் பங்கு வாக்கில் பொங்கும். குழியில் அளப்பது ஒன்றே இரு தரப்புக்கும் நியாயம்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். கரையிலிருந்து அரை மீட்டர் விட்டுத்தான் தண்ணீர் நிறுத்துவீர்கள். ஆழத்தில் ஆறில் ஒரு பங்குதான் போகிறது என்று தோன்றும். அந்த மட்டத்தில் நீர்ப்பரப்பு 18.5 மீட்டர் சதுரம், நீர் 2.5 மீட்டர். கணக்குப் போட்டால் 555.6 கன மீட்டர், அதாவது சுமார் 5,55,600 லிட்டர். போனது 185 கன மீட்டர், முழுக் கொள்ளளவில் ஏறக்குறையக் கால் பங்கு. அகலமெல்லாம் மேலேதானே இருக்கிறது. மோட்டார் ஓடும் நேரத்தை 741-ஐ வைத்துத் திட்டமிடாதீர்கள்.

கேள்வி: ஆரியபட்டரே பிரமிடின் கன அளவைத் தவறாகச் சொன்னார் என்கிறார்களே, உண்மையா?
*(ஆசிரியர், சித்தூர்)*

பதில்: உண்மைதான். கி.பி. 499-இல் எழுதிய நூலின் கணிதப் பகுதியில் ஆறு விளிம்புள்ள முக்கோணப் பிரமிடுக்கு அடிப்பரப்பையும் உயரத்தையும் பெருக்கிப் பாதி என்று இருக்கிறது. அதே செய்யுளின் முதல் பாதியில் முக்கோணப் பரப்புக்கான சரியான விதி, அதிலும் பாதி. தட்டையானதற்குப் பாதி என்றால் கனத்துக்கும் பாதி என்று ஒப்புமையில் வந்திருக்கலாம் என்பது எங்கள் எண்ணம். வகுப்பில் பிள்ளைகள் செய்வதும் அச்சாக இதே தவறு. கோடு குறைவதற்கும் பரப்பு குறைவதற்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்ல நல்ல இடம் இது. முக்கோணத்தில் மேலே போகப்போக நீளம் ஒன்றுதான் சுருங்குகிறது. பிரமிடில் நீளமும் அகலமும் சேர்ந்து சுருங்குகின்றன. பாதி உயரத்தில் குறுக்கே வெட்டினால் அங்கே பரப்பு கால்தான். மேல் துண்டின் கன அளவு எட்டில் ஒன்று.

எகிப்தியர்கள் இதில் முந்திக்கொண்டார்கள். மாஸ்கோவில் இருக்கும் பாப்பிரஸ் ஏட்டில், சுமார் 3,800 ஆண்டுகளுக்கு முந்தையது, அடி 4, மேல் 2, உயரம் 6 உள்ள உச்சி வெட்டிய பிரமிடுக்கு 56 என்று சரியான விடை போட்டிருக்கிறது. நீங்கள் கரும்பலகையில் எழுதித் தர ஏற்ற எண்கள்.

கேள்வி: ரோட்டோரம் கொட்டிய ஜல்லி பிரமிடு மாதிரி இல்லை, மேலே முதுகு மாதிரி நீண்டிருக்கிறது. எப்படி அளப்பது?
*(கட்டட மேஸ்திரி, வேலந்தாவளம்)*

பதில்: நான்கு அளவு எடுங்கள்: அடி நீளம், அடி அகலம், முதுகு நீளம், உயரம். அடி நீளத்தை இரண்டால் பெருக்கி முதுகு நீளத்தைக் கூட்டுங்கள். அதை அகலத்தாலும் உயரத்தாலும் பெருக்கி ஆறால் வகுங்கள். அடி 5 மீட்டருக்கு 3, முதுகு 2, உயரம் 1 என்றால் 12 × 3 × 1 ÷ 6 = 6 கன மீட்டர், சுமார் 2.1 யூனிட். பிரமிடு என்று மூன்றில் ஒன்று போட்டால் 5 வரும், உங்களுக்கு விற்பவருக்கு நட்டம். கூரை மாதிரி என்று பாதி போட்டால் 7.5, உங்களுக்கு நட்டம். ஓரத்தில் சிதறிக் கிடக்கும் கல்லை அடி அளவில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: களத்து மூலையில் சுவரோடு சாய்த்துக் குவித்த நெல்லை மூட்டை பிடிக்காமல் மதிப்பிட வழி உண்டா?
*(வாசகர், எருத்தேம்பதி)*

பதில்: உண்டு. வட்டமாகக் குவிந்ததும் பிரமிடின் உறவுதான், அதே மூன்றில் ஒன்று. கணித அறிஞர் பாஸ்கரர் 1150-இல் லீலாவதி என்ற தம் கணித நூலில் தந்த வழி களத்துக்கே உரியது: சுற்றளவை ஆறால் வகுத்து, வர்க்கமாக்கி, உயரத்தால் பெருக்கு. நெல் போன்ற கூர்நுனித் தானியத்துக்கு உயரம் சுற்றளவில் ஒன்பதில் ஒன்று என்றும் சொல்கிறார். 9 மீட்டர் சுற்றளவுக் குவியலுக்கு உயரம் 1 மீட்டர், கன அளவு 2.25. பை (π) மதிப்பை 3 என்று எடுத்ததால் இது கொஞ்சம் கூடுதல். சரியான விடை 2.15 கன மீட்டர். உயரத்தை நம்பி விடாமல் குச்சி செருகி அளந்துகொள்ளுங்கள். ஈர நெல் செங்குத்தாக நிற்கும், காய்ந்தது பரவும்.

சுவர் ஓரம் சாய்த்த குவியலுக்கு வளைவை மட்டும் அளந்து இரண்டால் பெருக்கிச் சுற்றளவாக வைத்துக் கணக்கிட்டு, விடையைப் பாதியாக்குங்கள். உங்களுடையதுபோல உள்மூலையில் இருந்தால் நான்கால் பெருக்கி, கடைசியில் நான்கால் வகுங்கள். சுவரின் வெளிமூலையைச் சுற்றிக் குவித்திருந்தால் வளைவோடு அதன் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொண்டு, விடையில் முக்கால் எடுங்கள்.