புதிய இணையதளத்தின் கதவைத் தட்டுவது யார்?

(இணையம் – வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: என் கணவர் வீட்டார் தலைமுறை தலைமுறையாக மண்பாண்டமும் கடமும் செய்து வருகிறார்கள். அந்தத் தொழிலைப் பற்றி எழுதவும், தொலைபேசியில் ஆர்டர் பெறவும் மூன்று வாரங்களுக்கு முன் வேர்ட்பிரஸ் என்ற தளம் அமைக்கும் மென்பொருளில் ஓர் இணையதளம் தொடங்கினேன். நெருங்கிய உறவினர்களைத் தவிர வேறு யாருக்கும் முகவரியைச் சொல்லவில்லை. ஆனால் பாதுகாப்பு ப்ளகின் (வேர்ட்பிரஸுடன் சேர்க்கும் கூடுதல் நிரல்) ஒன்றை நிறுவிய முதல் இரவிலேயே, யார் யாரோ லாகின் செய்ய முயன்று தோற்றதாக 340 பதிவுகள் சேர்ந்துவிட்டன. ஹோஸ்டிங் (தளத்துக்கு இணையத்தில் இடம் தரும் சேவை) பக்கத்தில் இருக்கும் கணக்கோ, இதுவரை 1,900 பேர் வந்து போனதாகச் சொல்கிறது. ஒருவர்கூட அழைக்கவில்லை. என் தளத்தின் மீது யாருக்கு இத்தனை அக்கறை? நான் முதலில் எதைச் செய்ய வேண்டும்?
– ஒரு வாசகி, மானாமதுரை

பதில்: சகோதரி, நீங்கள் தனித்தனியாகக் கேட்ட இரண்டுக்கும் விடை ஒன்றுதான். இரவில் கதவைத் தட்டிய 340 பேரும் மனிதர்கள் அல்லர். கணக்கில் ஏறிய 1,900 பேரில் பெரும்பாலோரும் மனிதர்கள் அல்லர். அவை ‘பாட்’ எனப்படும் தானியங்கி நிரல்கள். புதிய தளத்துக்கு முதலில் வரும் கூட்டம் எப்போதும் இதுதான். அந்தக் கூட்டத்தை உள்ளே விடாமல் தடுப்பது பாதுகாப்பு. அதை வாசகராக எண்ணிவிடாமல் இருப்பது வருகைக் கணக்கு. இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

முகவரியை யாருக்கும் சொல்லவில்லை என்கிறீர்கள். நீங்கள் சொல்லவில்லைதான், உங்கள் எஸ்.எஸ்.எல். சான்றிதழ் (தளத்துக்கும் பிரவுசருக்கும் இடையே போகும் தகவலை யாரும் ஒட்டுக்கேட்காமல் காப்பது) சொல்லிவிட்டது. ஒரு தளத்துக்குச் சான்றிதழ் வழங்கப்படும்போது அதன் பெயர் பொதுப் பதிவேடுகளில் பதிவாகிறது. போலிச் சான்றிதழ்களைக் கண்டுபிடிப்பதற்காக நல்ல நோக்கத்தோடு ஏற்படுத்தப்பட்ட ஏற்பாடு அது. ஆனால் அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்பதால், புதிதாக ஒரு பெயர் ஏறியதும் அங்கே காத்திருக்கும் நிரல்கள் உடனே அந்தத் தளத்துக்கு வந்து, வேர்ட்பிரஸின் லாகின் பக்கம் இருக்கிறதா என்று பார்க்கின்றன. உலகில் உள்ள இணையதளங்களில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டவை வேர்ட்பிரஸில் இயங்குவதால், அவற்றுக்கு அந்தக் கதவு எங்கே இருக்கும் என்பது மனப்பாடம்.

அவற்றுக்கு உங்கள் கடத்தின் மீதோ உங்கள் குடும்பத்தின் மீதோ எந்தப் பகையும் இல்லை. உள்ளே நுழைந்துவிட்டால் உங்கள் தளத்தின் பெயரில் குப்பை மின்னஞ்சல்களை அனுப்பலாம், உங்கள் பக்கங்களுக்கு அடியில் சூதாட்டத் தளங்களின் இணைப்புகளை ஒளித்து வைக்கலாம், பானை வாங்க வந்தவரை வேறு எங்கோ திருப்பி விடலாம். சிறிய தளம், பெரிய தளம் என்ற வேறுபாடு இதற்கு இல்லை. ஆகவே பயப்பட வேண்டாம். ஆனால் ‘நம் தளத்தில் என்ன இருக்கிறது, யார் வரப் போகிறார்கள்’ என்று அசட்டையாகவும் இருக்க வேண்டாம்.

வேலையை எங்கிருந்து தொடங்குவது என்றால், தளத்திலிருந்து அல்ல, உங்கள் மின்னஞ்சலிலிருந்து. ஹோஸ்டிங், டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்), வேர்ட்பிரஸ் ஆகிய மூன்றின் பாஸ்வேர்டையும் அந்த மின்னஞ்சல் வழியாகவே மாற்றிவிட முடியும். அது திறந்து கிடந்தால் மற்றப் பூட்டுகளால் பயனில்லை. எனவே மின்னஞ்சலுக்கு முதலிலும், ஹோஸ்டிங் கணக்குக்கு அடுத்தும், வேர்ட்பிரஸுக்கு மூன்றாவதாகவும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டோடு கைப்பேசியில் வரும் குறியீட்டையும் கேட்கும் ஏற்பாட்டை) இன்றே அமைத்துவிடுங்கள். கைப்பேசியில் கூகுள் ஆதென்டிகேட்டர் போன்ற ஒரு செயலி இருந்தால் போதும். அமைக்கும்போது கிடைக்கும் மீட்புக் குறியீடுகளைக் கைப்பேசியிலேயே படம் எடுத்து வைக்காமல் ஒரு தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். கைப்பேசி தொலைந்தால் அந்தத் தாள்தான் உங்களை உள்ளே விடும்.

வேர்ட்பிரஸில் உங்கள் பயனர் பெயர் ‘அட்மின்’ என்று இருந்தால், வேறு பெயரில் நிர்வாகிக் கணக்கு ஒன்றை உருவாக்கி, அதில் நுழைந்து, பழையதை நீக்குங்கள். நீக்கும்போது அந்தக் கணக்கின் பதிவுகளை என்ன செய்வது என்று வேர்ட்பிரஸ் கேட்கும். புதிய கணக்குக்கு மாற்றும்படி தேர்ந்தெடுக்க மறந்தால் கட்டுரைகளும் சேர்ந்து போய்விடும். ஆனால் பெயரை மாற்றிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். எழுத்தாளர் பக்கத்தின் முகவரியிலிருந்து பயனர் பெயரை ஊகித்துவிட முடியும். வேறெங்கும் பயன்படுத்தாத நீண்ட பாஸ்வேர்டும் இரண்டடுக்குச் சரிபார்ப்பும்தான் உண்மையான தாழ்ப்பாள்.

பாதுகாப்பு ப்ளகின் ஒன்று போதும். வேர்ட்ஃபென்ஸின் இலவசப் பதிப்பே தொடக்கக்காரருக்குத் தாராளம். இரண்டு பாதுகாப்பு ப்ளகின்களை ஒன்றாக நிறுவினால் ஒன்றையொன்று தடுத்து, கடைசியில் உங்களையே வெளியே நிறுத்திவிடும். ஐந்து முறை பாஸ்வேர்டு தவறினால் பூட்டிவிடும்படி அமைத்துக்கொண்டு, ஒவ்வொரு தோல்விக்கும் மின்னஞ்சல் அனுப்பும் அமைப்பை நிறுத்திவிடுங்கள். தோற்ற முயற்சிகளின் பட்டியலைத் தினமும் படிப்பதில் எந்தப் பயனும் இல்லை. நிர்வாகி ஒருவர் வெற்றிகரமாக நுழைந்தார் என்ற அறிவிப்பு மட்டும் வரட்டும். நீங்கள் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் அப்படி ஒன்று வந்திருந்தால், அதுதான் செய்தி.

லாகின் கதவைவிட அதிகம் கவனிக்க வேண்டியது ப்ளகின்களை. 2020 செப்டம்பரில் ‘ஃபைல் மேனேஜர்’ என்ற ப்ளகினில் ஒரு பெரும் ஓட்டை தெரிய வந்தது. ஏறத்தாழ 7 லட்சம் தளங்களில் இருந்த ப்ளகின் அது. அந்த ஓட்டை வழியே நுழைய பாஸ்வேர்டே தேவைப்படவில்லை. ப்ளகினைப் புதுப்பித்தவர்கள் தப்பித்தார்கள். வேர்ட்பிரஸின் 5.5 பதிப்பு முதல் ப்ளகின்களைத் தானாகவே புதுப்பிக்கச் சொல்லும் வசதி இருக்கிறது. அதை இயக்கி வையுங்கள். பயன்படுத்தாத ப்ளகினையும், ‘தீம்’ எனப்படும் தளத்தின் தோற்ற வடிவமைப்பையும் முடக்கி வைத்தால் போதாது, அழித்துவிடுங்கள். முடக்கிய ப்ளகினின் கோப்புகள் சர்வரிலேயே (தளம் இருக்கும் கணினியிலேயே) கிடக்கும். கட்டணத் தீம் இலவசமாகக் கிடைக்கிறது என்று டெலிகிராம் குழுவில் யாராவது கொடுத்தால் தொடவே தொடாதீர்கள். அதற்குள் பின்வாசல் வைத்துத்தான் பெரும்பாலும் கொடுக்கிறார்கள்.

பேக்கப் (தளத்தின் காப்புப் பிரதி) பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கைத்தறிக் கடையின் தளத்தை மீட்டுத் தர என்னை அழைத்தார்கள். பேக்கப் இருக்கிறதா என்று கேட்டேன். தினமும் எடுக்கிறோம் என்றார்கள். எடுத்திருந்தார்கள்தான், ஆனால் அதே சர்வரில், தளத்தின் கோப்புறைக்குள்ளேயே. நுழைந்தவன் தளத்தோடு சேர்த்துப் பேக்கப்புகளையும் அழித்திருந்தான். ஒவ்வொரு சேலையையும் முந்தி, கரை, உடல் என்று தனித்தனியாக எடுத்த மூன்று வருடப் படங்கள் போய்விட்டன. திருடன் வந்தால்தான் இப்படி நடக்கும் என்பதில்லை. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓ.வி.ஹெச். என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் தரவு மையம் தீப்பிடித்து எரிந்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். அப்டிராஃப்ட்பிளஸ் போன்ற இலவச ப்ளகினை கூகுள் டிரைவுடன் இணைத்து, வாரம் ஒரு முறை தானாகப் பேக்கப் போய்ச் சேரும்படி வையுங்கள். மாதம் ஒரு முறை ஒரு பிரதியைக் கணினியிலும் இறக்கிக்கொள்ளுங்கள். தளம் சிறியதாக இருக்கும் இப்போதே ஒரு முறை அந்தப் பேக்கப்பிலிருந்து மீட்டுப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று கணக்கில் எடுப்பதில்லை.

இனி அந்த 1,900-க்கு வருவோம். ஹோஸ்டிங் பக்கத்தில் இருக்கும் ஏ.டபிள்யூ.ஸ்டாட்ஸ் போன்ற கருவிகள் சர்வரின் பதிவேட்டைப் படித்துக் கணக்குச் சொல்கின்றன. ‘நான் பாட்’ என்று சொல்லிக்கொண்டு வரும் நிரல்களைத்தான் அவற்றால் எளிதில் விலக்க முடியும். சாதாரண பிரவுசர் போல வேடமிட்டு வருபவை எல்லாம் வாசகர்களாக ஏறிவிடும். வருகையைக் கணக்கிடும் கருவியான கூகுள் அனலிடிக்ஸ் வேறு விதம். பக்கம் பிரவுசரில் திறந்து, அதிலுள்ள ஜாவாஸ்கிரிப்ட் நிரல் ஓடினால்தான் அது எண்ணும். லாகின் பக்கத்தை மட்டும் தட்டும் பாட்கள் அதை ஓட்டுவதில்லை என்பதால் கணக்கு ஒரேயடியாகக் குறையும். 1,900 என்பது 60 ஆகச் சுருங்கினாலும் மனம் தளராதீர்கள்; அந்த 60 பேரில் அநேகர் மனிதர்கள்.

அனலிடிக்ஸை இணைக்க கூகுளே தரும் ‘சைட் கிட்’ ப்ளகின் எளிய வழி. 2023 ஜூலை 1-க்கு முந்தைய பாடங்களைப் பார்த்து அமைக்காதீர்கள். அன்றோடு பழைய அனலிடிக்ஸ் கணக்கெடுப்பதை நிறுத்திவிட்டது, இப்போது இருப்பது நான்காம் தலைமுறை. அமைக்கும்போது நேர மண்டலமாக இந்தியாவைத் தேர்ந்தெடுங்கள். தரவை வைத்திருக்கும் காலம் இயல்பாக 2 மாதம் என்று இருக்கும். அதை 14 மாதமாக மாற்றாவிட்டால், அடுத்த பொங்கலையும் இந்தப் பொங்கலையும் விரிவாக ஒப்பிட்டுப் பார்க்க முடியாது. பானை விற்பவருக்கு அந்த ஒப்பீடு எவ்வளவு முக்கியம் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. தீமிலும் ஒரு முறை, ப்ளகினிலும் ஒரு முறை என்று வருகையை எண்ணும் அனலிடிக்ஸ் நிரலை இரண்டு இடத்தில் ஒட்டிவிடாதீர்கள். ஒவ்வொரு பார்வையும் இரண்டாகப் பதிவாகும். வேலை செய்கிறதா என்று சோதிக்க, லாகின் செய்யாத ஒரு கைப்பேசியில் உங்கள் தளத்தைத் திறந்துவிட்டு, அனலிடிக்ஸின் நேரலை அறிக்கையைப் பாருங்கள். சற்று நேரத்தில் ஒன்று என்று காட்ட வேண்டும்.

பிறகும் சில வினோதங்களைக் காண்பீர்கள். அமெரிக்காவின் ஆஷ்பர்ன் நகரத்திலிருந்து பலர் வந்து, சில நொடிகளில் போய்விட்டதாகத் தெரியும். அங்கே பெரும் தரவு மையங்கள் இருக்கின்றன. அவர்கள் கடம் வாங்கப் போவதில்லை. இன்னொன்று, ‘டைரக்ட்’ என்ற தலைப்பில் வரும் எண்ணிக்கை. முகவரியைத் தட்டச்சு செய்து வந்தவர்கள் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். நம் ஊரில் அதில் பெரும்பகுதி வாட்ஸ்அப் வழியாக வந்தவர்கள்தான், ஏனெனில் வாட்ஸ்அப்பில் சொடுக்கியவர் எங்கிருந்து வந்தார் என்ற தகவல் பொதுவாகத் தளத்துக்கு வந்து சேர்வதில்லை. நீங்கள் குழுக்களில் பகிரும் இணைப்பின் முடிவில் யூ.டி.எம். குறிப்பை (எங்கிருந்து வந்தார் என்று காட்டும் சிறு சொற்களை) சேர்த்துப் பகிர்ந்தால், எந்தக் குழுவிலிருந்து வந்தார்கள் என்பது தனியாகத் தெரியும்.

தமிழில் எழுதுபவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு, பலர் இதைக் கவனிப்பதில்லை. வேர்ட்பிரஸ் பக்கத்தின் முகவரியைத் தலைப்பிலிருந்து தானே உருவாக்குகிறது. தமிழ் எழுத்து முகவரியில் ஏறும்போது ஒவ்வொரு குறியும் – மெய்யின் புள்ளியும் துணைக்காலும்கூடத் தனிக் குறிதான் – ஒன்பது இடத்தைப் பிடிக்கிறது. மொத்தம் இருப்பதோ 200 இடம். ‘மானாமதுரை கடம் செய்யும் முறை’ என்று தலைப்பிட்டால் ‘செய்யும்’ வரையில் 191 இடம் தீர்ந்து ‘முறை’ விழுந்துவிடும். பிறகு ‘மானாமதுரை கடம் செய்யும் மண்’ என்று இன்னொன்று எழுதினால் அதுவும் அதே முகவரிக்கு வந்து, இறுதியில் 2 என்ற எண்ணோடு நிற்கும். அனலிடிக்ஸ் அறிக்கையில் இரண்டும் சதவீதக் குறிகளும் எண்களும் கலந்த நீண்ட சரமாகத் தெரியும்போது எது எந்தக் கட்டுரை என்று உங்களுக்கே புரியாது. ஆகவே வெளியிடும் முன்பே முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாகத் திருத்திவிடுங்கள். தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும். ஏற்கெனவே வெளியிட்டவற்றுக்கு, அறிக்கையில் பக்க முகவரிக்குப் பதிலாகப் பக்கத் தலைப்பைத் தேர்ந்தெடுத்தால் தமிழில் படிக்கலாம்.

உங்களுக்கு அனலிடிக்ஸைவிடவும் கூகுளின் இன்னொரு கருவியான சர்ச் கன்சோல்தான் அதிகம் உதவும் என்பது என் கருத்து. மக்கள் கூகுளில் என்ன சொல்லித் தேடியபோது உங்கள் பக்கம் தென்பட்டது என்பதை அது காட்டும். 16 மாதத் தரவு அங்கே இருக்கும். ‘மண் சட்டி பழக்குவது எப்படி’ என்று தேடுகிறார்களா, ‘கடம் விலை’ என்று தேடுகிறார்களா என்று தெரிந்தால் அடுத்து எதை எழுதுவது என்பதும் தெரிந்துவிடும். தளத்தில் யாராவது ஒளிந்து நுழைந்திருப்பதாக கூகுள் கண்டறிந்தால் அந்த எச்சரிக்கையும் இங்கேதான் வரும்.

கேள்வி: என் தளத்துக்கு எஸ்.எஸ்.எல். போட்டிருக்கிறேன். ஆனால் குரோமில் முன்பு தெரிந்த பூட்டுப் படம் இப்போது இல்லையே, ஏதாவது பழுதா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பழுது இல்லை. 2023-இல் குரோம் அந்தப் பூட்டை எடுத்துவிட்டு வேறு குறியை வைத்துவிட்டது. பூட்டு இருந்தால் தளமே நம்பகமானது என்று மக்கள் எண்ணிவிட்டார்கள். உண்மையில் வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதை மட்டுமே அது குறித்தது. மோசடித் தளமும் லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற சான்றிதழ் வழங்கும் அமைப்பில் இலவசச் சான்றிதழ் வாங்கலாம். உங்கள் சான்றிதழ் தானாகப் புதுப்பிக்கப்படுகிறதா என்பதை மட்டும் ஹோஸ்டிங் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தளம் அமைத்துக் கொடுத்தவரே டொமைனையும் அனலிடிக்ஸையும் அவருடைய மின்னஞ்சலில் பதிவு செய்திருக்கிறார். இதனால் பிரச்சினை வருமா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: அவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் அவருடைய கைப்பேசி எண் மாறினாலோ அவர் வேறு வேலைக்குப் போனாலோ, புதுப்பிக்கும் நாளை உங்களுக்கு நினைவூட்ட யாரும் இருக்க மாட்டார்கள். டொமைனை உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் மாற்றித் தரும்படி கேளுங்கள். அனலிடிக்ஸிலும் சர்ச் கன்சோலிலும் உங்களை நிர்வாகியாகவும் உரிமையாளராகவும் சேர்க்கச் சொல்லுங்கள். புதிதாகத் தொடங்கினால் பழைய வருகைக் கணக்கு உங்களோடு வராது. வேர்ட்பிரஸில் அவருக்கு இருக்கும் நிர்வாகி அனுமதியை, வேலை முடிந்ததும் பதிவுகளைத் திருத்த மட்டும் முடிகிற ‘எடிட்டர்’ நிலைக்கு இறக்கிவிடலாம். இதில் அவர் வருத்தப்பட ஒன்றுமில்லை. வேலை முடித்த கொத்தனார் சாவியைத் திருப்பிக் கொடுப்பது போலத்தான். டொமைன் மாற்றத்துக்குச் சில நாட்கள் ஆகும் என்பதால், புதுப்பிக்கும் தேதிக்கு ஒரு மாதம் முன்பே கேட்டுவிடுங்கள்.