நாரி மட்டும் வளைந்தால் போதாது

வணக்கம் அக்கா,

உங்கள் கட்டுரைகளில் யோகாப் பயிற்சி பற்றி இடைக்கிடை வருவதைப் பார்த்துத்தான் துணிந்து எழுதுகிறேன். எனக்கு 38 வயது. வங்கியில் கவுன்ரர் வேலை. இரண்டு வருடமாக ஒரு வகுப்புக்குப் போகிறேன். முன்னுக்குக் குனியும் ஆசனங்கள் ஓரளவு வந்துவிட்டன. பின்னுக்கு வளைவதுதான் பிரச்சினை. மல்லாந்து படுத்து, கைகளையும் பாதங்களையும் ஊன்றி உடம்பை வில்லாக உயர்த்தும் சக்கராசனத்தில் எழும்பிவிடுவேன், ஆனால் பாதங்கள் வெளிப்பக்கம் திரும்புகின்றன, முழங்கைகள் அகலுகின்றன, நாரியில், அதாவது கீழ் முதுகில், கிள்ளுவதுபோல் நோகிறது. "இன்னும் தள்ளுங்கோ, பழகப் பழகச் சரிவரும்" என்கிறார் ஆசிரியர். பத்து வயது மகள் யூரியூப்பைப் பார்த்து ஒரே நாளில் செய்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். ஜூனில் யோகா தினத்துக்கு எங்கள் வகுப்பும் மேடையேறுகிறது. அதற்குள் நேராக்க வழி உண்டா? படம் இணைத்திருக்கிறேன்.

ஆ., கோண்டாவில்

அன்புள்ள தங்கச்சி,

படம் பார்த்தேன். முன்னால் நின்று எடுத்திருக்கிறார்கள். அதில் பாதமும் முழங்கையும்தான் தெரிகின்றன, அதனால் உங்கள் கவலையும் அங்கேயே நிற்கிறது. பக்கவாட்டில் எடுத்திருந்தால் வேறொன்று தெரிந்திருக்கும்: உங்கள் வளைவு முழுவதும் நாரியில் ஒரு சாண் இடத்துக்குள் நடக்கிறது. நீங்கள் சொல்லும் நோவை வைத்தே இதைச் சொல்லலாம்.

நாரிப் பகுதியில் 5 முள்ளெலும்புகள், நெஞ்சுப் பகுதியில் 12. எண்ணிக்கைப்படி நெஞ்சுதான் கூட வளையவேண்டும். ஆனால் அந்தப் பன்னிரண்டிலும் விலா எலும்புகள் பூட்டியிருக்கின்றன. அவற்றின் பின்பக்க முனைகளும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து கிடப்பதால், பின்னுக்கு வளையத் தொடங்கியதுமே முட்டிக்கொள்ளும். நாரியில் இந்தத் தடைகள் இல்லை. துருப்பிடித்த சைக்கிள் சங்கிலியை மடித்துப் பாருங்கள், இளகிக் கிடக்கும் கண்ணியில் மட்டும்தான் மடியும். உங்கள் முதுகிலும் அதுதான் நடக்கிறது.

சரி, பாதம் ஏன் திரும்புகிறது? நாள் முழுக்கக் கதிரையில் இருக்கிறீர்கள், போக வர ஸ்கூட்டியிலும் இருக்கிறீர்கள். நாரி முள்ளெலும்புகளின் பக்கத்தில் தொடங்கி இடுப்பைக் கடந்து தொடை எலும்பின் உள்பக்கம் போய்ப் பிடிக்கும் ஒரு தசை உண்டு. நாம் இருக்கும் நேரமெல்லாம் அது சுருங்கியே கிடக்கும். சக்கராசனத்தில் இடுப்பை மேலே தள்ளும்போது அது நீள மறுத்து, நாரியை முன்னுக்கு இழுக்கிறது. நீங்களோ விடாமல் புட்டத்தை இறுக்கித் தள்ளுகிறீர்கள். புட்டத்துப் பெரிய தசைக்குக் காலை வெளிப்பக்கம் திருப்பும் வேலையும் இருக்கிறது. பாதம் அதன் பின்னால்தான் போகிறது. "பாதத்தை நேராக வை" என்று நூறு தடவை சொன்னாலும் இடுப்பின் முன்பக்கம் இளகாமல் பாதம் நேராகாது. வலிந்து நேராக்கினால் முழங்காலில் நோ தொடங்கும்.

உங்களுக்கு இது எவ்வளவு தூரம் பொருந்துகிறது என்று வீட்டிலேயே பார்க்கலாம். கட்டில் விளிம்பில் இருந்து அப்படியே மல்லாந்து படுங்கள். ஒரு முழங்காலை நெஞ்சோடு கட்டிப் பிடித்துக்கொண்டு மற்றக் காலைத் தொங்கவிடுங்கள். தொங்கும் காலின் தொடை மெத்தை மட்டத்துக்கு இறங்காமல் மேலே நின்றால் இடுப்பின் முன்பக்கம் இறுகியிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஹியூ ஓவன் தோமஸ் என்ற மருத்துவர் சொன்ன முறையின் ஒரு வடிவம் இது. பிசியோதெரபி செய்பவர்கள் இன்றைக்கும் தோமஸ் சோதனை என்றுதான் சொல்கிறார்கள். தோளுக்குச் சுவர் போதும். முதுகைச் சுவரில் சாய்த்து நின்று, முழங்கை மடியாமல் கைகளை மேலே தூக்குங்கள். பெருவிரல்கள் சுவரைத் தொடுமுன் விலா முன்னுக்குத் துருத்தி, நாரி சுவரைவிட்டு விலகினால் தோளும் அக்குளும் இறுக்கம். முழங்கை அகல்வதற்குக் காரணம் அங்கே இருக்கிறது.

உங்கள் ஆசிரியரை நான் குறை சொல்ல வரவில்லை. தள்ளத்தான் வேண்டும், ஆனால் எங்கே தள்ளுவது என்பதையும் சொல்லவேண்டும். இடுப்பைக் கூரைக்குத் தள்ளினால் நாரி இன்னும் மடியும். பாதங்களால் நிலத்தை உதைத்து, நெஞ்சு தலைப்பக்கச் சுவரை நோக்கிப் போகும்படி தள்ளினால் வளைவு மேல் முதுகுக்கு ஏறும். இந்த ஒன்றை நாளைக்கே செய்து பார்க்கலாம். ஆனால் "பழகப் பழகச் சரிவரும்" என்பதை நான் ஏற்கமாட்டேன். பிழையாகப் பழகினால் பிழைதான் நன்றாக வரும். நாரி தன் வேலையையும் இடுப்பின் வேலையையும் நெஞ்சின் வேலையையும் சேர்த்துச் செய்யப் பழகிவிடும். பின்வளைவில் பொறுமை என்று நான் சொல்வது, எளிதாக வளைகிற நாரியை, வளையாத இடுப்பும் நெஞ்சும் வந்து சேரும்வரை மறித்து வைத்திருப்பதைத்தான். அதற்குச் சக்கராசனத்தைக் கொஞ்சக் காலம் கைவிடவேண்டிவரும். மனதுக்குக் கஷ்டம்தான், எழும்பத் தெரிந்தவர்களுக்கு இன்னும் கஷ்டம்.

அந்த இடைவெளியில் என்ன செய்வது? குப்புறப் படுத்துச் செய்பவற்றுக்குத் திரும்புங்கள். கால்களைப் பின்னுக்குத் தூக்கும் சலபாசனத்திலும், கைகளில் பாரம் போடாமல் நெஞ்சை மட்டும் தூக்கும் புஜங்காசனத்திலும் முதுகுத் தசைதான் உடம்பைத் தூக்குகிறது. தசைக்கு முடிந்த அளவுக்கு மேல் போக முடியாது, அந்த எல்லைதான் உங்களுக்கு இப்போது காவல். புஜங்காசனத்தில் நெற்றியை நிலத்திலிருந்து நாலு விரல் தூக்கினாலும் போதும், கால்விரல் நகங்கள் பத்தும் நிலத்தை அழுத்தவேண்டும். சின்ன விரல் நகம் நிலத்தை விட்டால் கால் திரும்பத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

இடுப்புக்கு, ஒரு முழங்காலை நிலத்தில் ஊன்றி மற்றக் காலை முன்னே வைத்து நில்லுங்கள். இங்கே பெரும்பாலானோர் உடம்பை முன்னுக்குச் சரித்து ஆழமாக இறங்கிவிடுவார்கள், அதுவும் நாரியில்தான் போய் முடியும். நிமிர்ந்தே நின்று வால் எலும்பைக் கீழ்நோக்கி இறக்குங்கள். பின்கால் தொடையின் முன்பக்கம் இழுபடும். அசைவு வெளியே தெரியாது, பக்கத்தில் நிற்பவர் நீங்கள் சும்மா நிற்பதாகத்தான் நினைப்பார்.

நெஞ்சுக்கு, ஒரு தடித்த போர்வையை இறுக்கிச் சுருட்டித் தோள்பட்டை எலும்புகளின் கீழ்ப்பக்கம் குறுக்கே வைத்துப் படுங்கள். சீமெந்து நிலத்தில் பாய் விரித்து, முழங்கால்களை மடித்து, மூச்சு அமைதியாக ஓடும்வரை கிடக்கலாம். நாரி நிலத்தைவிட்டுத் துள்ளினால் சுருட்டு பெரிது, சின்னதாக்குங்கள். பிறகு, மல்லாந்து முழங்கால்களை மடித்து இடுப்பை உயர்த்தும் சேதுபந்தாசனம். தொடைகளுக்கு நடுவில் ஒரு மரக்கட்டையை வைத்து, விழாமல் பிடித்துக்கொண்டு எழும்புங்கள். கட்டை விழாமல் இருக்கவேண்டும் என்றால் முழங்காலும் பாதமும் தாமாக நேரே நிற்கும். சக்கராசனத்துக்குத் திரும்பும் நாளில், பழைய சேலையில் கிழித்த பட்டியை முழங்கைக்குச் சற்று மேலே, தோள் அகலத்துக்குக் கட்டிக்கொள்ளுங்கள். கட்டை, பட்டி, கதிரை என்று இவற்றையெல்லாம் ஆசனப் பயிற்சிக்குள் முறையாகக் கொண்டுவந்தவர் இந்திய யோகா ஆசிரியர் பி.கே.எஸ். ஐயங்கார் (1918–2014). துணைப்பொருள் வைத்தால் யோகா இல்லை என்று சொல்பவர்களை நானும் சந்தித்திருக்கிறேன். அவர்களோடு வாதாட வேண்டாம். ஒரு எச்சரிக்கை: ஐயங்கார் முறையில் கதிரையில் செய்யும் பின்வளைவைப் பார்த்துவிட்டு நம் வீட்டுப் பிளாஸ்டிக் கதிரையில் முயலக்கூடாது. அது வழுக்கும், கவிழும்.

நேரத்தையும் மாற்றிப் பாருங்கள். விடியப்புறம் எழும்பியதும் செய்பவராக இருந்தால், அந்த நேரத்து விறைப்பு உங்கள் குற்றமில்லை. இரவு படுத்திருக்கையில் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டுகள் நீரை உறிஞ்சித் தடிக்கின்றன. காலையில் நாம் எல்லோருமே ஒரு சென்ரிமீற்றர் அளவில் உயரம் கூட. பின்வளைவை மாலைக்குத் தள்ளிவிட்டுக் காலையில் மற்றதைச் செய்யலாம். முடிந்ததும் உடனே முழுதாகக் குனிந்து கால்விரலைப் பிடிக்கவேண்டாம், முழங்கால்களை மடித்துச் சற்று நேரம் மல்லாந்து கிடந்துவிட்டுக் குனியுங்கள்.

முதல் சில வாரங்களில் நல்ல மாற்றம் தெரியும், அதை நம்பி வேகம் கூட்டவேண்டாம். அப்போது தசை அதிகம் நீண்டிருக்காது, நரம்புகள் இழுவையைப் பொறுக்கப் பழகியிருக்கும், அவ்வளவுதான். தசைநாரும் மூட்டைச் சுற்றிய இழைகளும் மாதக்கணக்கில்தான் மாறும். எவ்வளவு போவது என்பதற்கு மூச்சைக் கேளுங்கள். மூச்சைப் பிடித்தால்தான் நிற்கமுடிகிறது என்றால் அந்த இடம் உங்களுக்கு அன்றைக்கு இல்லை. தொடையின் முன்பக்கமும் நெஞ்சும் இழுபடுவது நல்லது. நாரியில் ஓரிடத்தில் கிள்ளுவது நல்லதல்ல. நோ காலுக்கு இறங்கினாலோ கால் விறைத்தாலோ எழுத்தாளருக்குக் கடிதம் எழுதக்கூடாது, வைத்தியரிடம் போகவேண்டும்.

மகள் விஷயம். அவள் சிரிக்கட்டும். ஆனால் அவளை உறவினர் முன்னால் "செய்து காட்டு" என்று திரும்பத் திரும்ப எழுப்பவேண்டாம். வளரும் வயதில் முதுகைப் பின்னுக்கு மடிப்பதையே ஓயாமல் செய்யும் ஜிம்னாஸ்டிக் பிள்ளைகளுக்கும் இளம் வேகப் பந்துவீச்சாளர்களுக்கும் நாரி முள்ளெலும்பின் பின்வளையத்தில் மெல்லிய வெடிப்பு வருவது மருத்துவர்களுக்கு நன்கு தெரிந்த விஷயம். இடைக்கிடை விளையாட்டாகச் செய்வதில் பிழையில்லை.

மேடைக்கு வருகிறேன். ஜூனுக்குள் நேராகாது. நேராக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். ஆனால் மேடைக்குச் சக்கராசனம் எதற்கு? 2015 முதல் ஜூன் 21இல் கொண்டாடப்படும் அந்த நாளுக்கென்று இந்தியாவின் ஆயுஷ் அமைச்சு வெளியிட்ட பொதுப் பயிற்சி முறையில் அது இல்லவே இல்லை. புஜங்காசனம், சலபாசனம், சேதுபந்தாசனம், முழங்காலில் நின்று பின்னுக்கு வளையும் உஷ்ட்ராசனம் இருக்கின்றன. உங்கள் ஆசிரியரிடம் அந்தப் பட்டியலைக் காட்டி, முதல் மூன்றையும் நீங்கள் செய்வதாகச் சொல்லுங்கள். உஷ்ட்ராசனத்தை வேறு யாராவது செய்யட்டும். முழங்கால் மடிந்த நிலையில் தொடையின் முன்பக்கத் தசை இரண்டு மூட்டுகளிலும் இழுபடுவதால், உங்களுக்கு இப்போதைக்கு அது சக்கராசனத்தைவிடச் சுகமாக இராது.

அன்புடன்,
அக்கா