15 சதவீதமா, 9 சதவீதமா? தீக்காயத்தின் பரப்பைக் கணக்கிடும் முறை

கேள்வி: சுடுநீர் கொட்டியதில் என் 3 வயது மகளுக்கு மார்பும் வலக் கையும் வெந்துவிட்டன. முதலில் சேர்த்த மருத்துவமனையில் 15 சதவீதத் தீக்காயம் என்று எழுதி டிரிப்ஸ் ஏற்றினார்கள். தீக்காயப் பிரிவுக்கு மாற்றிய பிறகு 9 சதவீதம்தான் என்று சொல்லி டிரிப்ஸை நிறுத்திவிட்டு, வாய்வழியாகவே திரவம் கொடுக்கிறார்கள். எதை நம்புவது? என் தந்தையின் புற்றுநோய்ச் சிகிச்சைக் குறிப்பிலும் ‘உடற்பரப்பு 1.7’ என்று இருக்கிறது. அதுவும் இதே கணக்கா?

பதில்: உங்கள் பதற்றம் புரிகிறது. இந்தச் சதவீதம், உடலின் மொத்தத் தோல்பரப்பில் வெந்த பகுதியின் பங்கு. அந்த எண் குறைந்ததால் சிகிச்சையும் குறைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். முதல் சில மணி நேரத்தில் சிறிய காயங்களின் பரப்பு உள்ளதைவிடக் கூடுதலாக மதிப்பிடப்படுவது அடிக்கடி நடப்பதுதான்.

இதற்கு முக்கியக் காரணம், வெறுமனே சிவந்த தோலையும் சேர்த்து எண்ணிவிடுவது. கொப்புளம் வந்த இடம், மேல்தோல் உரிந்து ஈரமாக இருக்கும் இடம், வெளுத்தோ கருகியோ உணர்ச்சியற்றுப் போன இடம் ஆகியவை மட்டுமே கணக்கில் வரும். கொப்புளமின்றிச் சிவந்திருக்கும் சுற்றுப்பகுதி சில நாட்களில் தானே ஆறிவிடும் என்பதால் அதைச் சேர்ப்பதில்லை. இன்னொரு காரணம், பெரியவர்களுக்கான ஒன்பதின் விதி. தலையும் கழுத்தும் சேர்ந்து 9, ஒவ்வொரு கையும் 9, உடலின் முன்புறம் 18, பின்புறம் 18, ஒவ்வொரு காலும் 18, பிறப்புறுப்புப் பகுதி 1 என்று அது பிரிக்கிறது. அவசரத்தில் உதவும் விதிதான் என்றாலும், கையின் ஒரு பகுதி மட்டும் வெந்திருக்கும்போது முழுக் கைக்கான 9 சதவீதத்தையும் போட்டுவிட்டால் கணக்கு ஏறிவிடும். அதோடு குழந்தையின் உடலமைப்பும் வேறு: ஒரு வயதில் தலையும் கழுத்துமே ஏறக்குறைய 18 சதவீதம், ஒவ்வொரு காலும் 14 சதவீதம்தான். வளர வளரத் தலையின் பங்கு குறைந்து கால்களின் பங்கு கூடுவதால், தீக்காயப் பிரிவுகளில் 1944இல் வெளியான லண்ட்–பிரவுடர் படத்தை வைத்து, வயதுக்கேற்ற அளவில் ஒவ்வொரு பகுதியையும் வரைந்து கூட்டுவார்கள்.

சிதறலான காயங்களுக்கு உள்ளங்கை அளவு உண்டு. விரல்களைச் சேர்த்து வைத்த உள்ளங்கை ஏறக்குறைய ஒரு சதவீதம். அது உங்கள் மகளின் கையாக இருக்க வேண்டும், மருத்துவரின் கையாக இருக்கக் கூடாது.

இந்த எண் எதற்கு என்றால், முக்கியமாகத் திரவ அளவுக்குத்தான். குழந்தைகளுக்கு இப்போது பரவலாகப் பயன்படும் சூத்திரப்படி, எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும், ஒவ்வொரு சதவீதத்துக்கும் 3 மில்லிலிட்டர். குழந்தை 14 கிலோ என்று வைத்துக்கொண்டால், 15 சதவீதத்துக்கு 630 மில்லிலிட்டர், 9 சதவீதத்துக்கு 378. இதில் பாதியைக் காயம் பட்ட நேரத்திலிருந்து முதல் 8 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். மருத்துவமனைக்கு வந்த நேரத்திலிருந்து அல்ல. குழந்தைகளுக்குப் பொதுவாக 10 சதவீதத்தைத் தாண்டும்போதுதான் இந்தச் சூத்திரமே தேவைப்படுகிறது. தேவைக்கு மேல் ஏற்றினால் வீக்கம் கூடும், நுரையீரலிலும் நீர் சேரலாம். ஆகவே அவர்கள் டிரிப்ஸை நிறுத்தியது முறையான முடிவாகவே தெரிகிறது. சூத்திரம் தொடக்கம்தான், குழந்தை போதுமான அளவு சிறுநீர் கழிக்கிறதா என்பதே உண்மையான அளவுகோல். சிறுநீர் குறைந்தாலோ, குழந்தை சோர்ந்து தூங்கியபடியே இருந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே செவிலியரிடம் சொல்லுங்கள். காயத்தின் ஆழம் முதல் இரண்டு மூன்று நாட்களில் மாறக்கூடும் என்பதால், அவர்கள் மறுபடியும் அளப்பார்கள். எண் மீண்டும் சற்று மாறினாலும் அஞ்ச வேண்டாம்.

உங்கள் தந்தையின் 1.7 என்பது வேறு கணக்கு. அது முழு உடலின் பரப்பு, சதுர மீட்டரில். உயரத்தைச் சென்டிமீட்டரிலும் எடையைக் கிலோவிலும் எடுத்துப் பெருக்கி, 3600ஆல் வகுத்து வர்க்கமூலம் காண்பார்கள். 160 சென்டிமீட்டர் உயரமும் 65 கிலோ எடையும் உள்ளவருக்கு 1.7 வரும். பல புற்றுநோய் மருந்துகளின் அளவு இதை வைத்தே முடிவாகிறது. சிகிச்சையின்போது அவருடைய எடை குறிப்பிடத்தக்க அளவு குறைந்தால், அடுத்த சுற்றுக்கு முன் மீண்டும் கணக்கிடும்படி கேளுங்கள்.