அன்செலோட்டி இருக்கட்டும், உங்கள் பையன் ஏன் ஆடுவதில்லை?

கேள்வி: என் கணவருக்கு 36 வயது. மாநில கால்பந்து அணியில் ஆடி, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் அரசு வேலை வாங்கியவர். முழங்கால் போனதும் ஆட்டம் நின்றுவிட்டது. இப்போது வேலையை விட்டுவிட்டு கோச் ஆகப்போகிறேன் என்கிறார். அவருடைய பழைய கோச் உதவிப் பயிற்சியாளராகக் கூப்பிட்டார். “கேப்டனாக இருந்தவன் அவருக்குக் கீழே கோன் அடுக்குவதா?” என்று மறுத்துவிட்டார். கேட்டால், “இத்தாலிக்கார கால்பந்து கோச் அன்செலோட்டிக்கும் முழங்கால் போச்சு, இன்னிக்கு எங்கே இருக்கார் பார்” என்கிறார். வீட்டுக்கடன் கழுத்தை நெரிக்கிறது. பத்து வயது மகனும் நன்றாக ஆடுவான். மேட்ச் நடந்த நாட்களில் இரவு பதினொரு மணி வரை அப்பா வீடியோ போட்டு அவன் தப்புகளைக் காட்டுவார். ஆறு மாதமாக அவன் கிரவுண்டுக்குப் போவதில்லை, படிப்பில் கவனம் வந்துவிட்டது. அது ஒன்றுதான் நிம்மதி. கணவரை எப்படித் தடுப்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: வேலையை விடத் துடிக்கும் கணவர்களைப் பற்றி மாதம் தவறாமல் கடிதம் வருகிறது. உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்துவது அதுவல்ல. “அது ஒன்றுதான் நிம்மதி” என்று எழுதினீர்களே, அதுதான்.

பத்து வயதுப் பிள்ளை பந்தைத் தொடுவதில்லை என்பதில் என்ன நிம்மதி, சகோதரி? தூக்கம் சொக்கும் கண்ணோடு, தான் கோட்டைவிட்ட பாஸை ராத்திரி பதினொரு மணி வரை திரும்பத் திரும்பப் பார்த்த பிள்ளை அது. ஆடினால்தானே இந்த விசாரணை என்று புத்தகத்துக்குப் பின்னால் போய் ஒளிந்திருக்கிறான். ஒருநாளாவது எழுந்துபோய் அந்த வீடியோவை நிறுத்தினீர்களா? கடனைப் பற்றி வருகிற கவலை பிள்ளையைப் பற்றியும் வந்திருக்க வேண்டும்.

உங்கள் கணவருக்கு இதுவரை கிடைத்த ஒரே அணி அந்தப் பையன்தான். அந்த ஒற்றை ஆட்டக்காரனும் ஓடிவிட்டான். இருபத்தைந்து பேரைக் கட்டி மேய்க்க எந்தத் தைரியத்தில் கிளம்புகிறார்?

சரி, அன்செலோட்டிக்கு வருவோம். கோப்பைகளை மட்டும் எண்ணியிருக்கிறார் உங்கள் வீட்டுக்காரர். முழங்கால் காயத்தால் 1982 உலகக் கோப்பையைத் தவறவிட்டவர்தான் அன்செலோட்டி. ஆனால் அதோடு ஆட்டத்தை விட்டுவிடவில்லை. இத்தாலியின் ரோமா கிளப்புக்குக் கேப்டனாக இருந்தார், மிலான் கிளப்புக்குப் போய் 1989, 1990 என்று இரண்டு ஐரோப்பியக் கோப்பைகளை ஜெயித்தார். 1992-ல் ஓய்வு பெற்றதும் என்ன செய்தார் தெரியுமா? மிலானில் தன்னை வேலை வாங்கிய பழைய கோச் அர்ரிகோ சாக்கியிடமே, இத்தாலி தேசிய அணிக்கு உதவியாளராகச் சேர்ந்தார். 1994 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் பிரேசிலிடம் பெனால்டியில் தோற்றபோதும் அவர் வெறும் உதவியாளர்தான். அடுத்த வருடம்தான் ரெஜ்ஜியானா என்ற இரண்டாம் டிவிஷன் கிளப் அவரை நம்பி அணியைக் கொடுத்தது. அவருக்கு இல்லாத கௌரவக் குறைச்சல் உங்கள் வீட்டுக்காரருக்கு எங்கிருந்து வந்தது?

இன்னொன்றும் சொல்லுங்கள். பார்மா கிளப்பில் கோச்சாக இருந்தபோது அன்செலோட்டியும் பிடிவாதக்காரர்தான். 4-4-2 என்று, அதாவது தடுக்க நால்வர், நடுவில் நால்வர், முன்னால் இருவர் என்று ஆட்களை நிறுத்துகிற தன் திட்டத்துக்குப் பொருந்தவில்லை என்று ஜோலா என்ற நட்சத்திர ஆட்டக்காரரை ஓரத்துக்குத் தள்ளினார். ஜோலா இங்கிலாந்தின் செல்சி கிளப்புக்குப் போய்விட்டார். இன்னொரு நட்சத்திரமான ராபர்ட்டோ பாஜியோவை வேண்டாம் என்றார். பாஜியோ போலோன்யா கிளப்புக்குப் போய் ஒரே லீக் சீசனில் 22 கோல் அடித்தார். தான் செய்தது தப்பு என்று அன்செலோட்டியே பிற்பாடு ஒப்புக்கொண்டார். அதற்கப்புறம்தான் ஆளுக்குத் தகுந்தபடி ஆட்டத்தை மாற்றும் மனிதர் ஆனார். 2005-ல் இஸ்தான்புல்லில் நடந்த சாம்பியன்ஸ் லீக் (பழைய ஐரோப்பியக் கோப்பைதான்) இறுதிப் போட்டியில் 3-0 என்று முன்னிலையில் இருந்து, இங்கிலாந்தின் லிவர்பூலிடம் கோப்பையைக் கோட்டைவிட்டது அவருடைய மிலான். அப்படித் தோற்ற ஆட்டக்காரர்களில் பலரை வைத்துக்கொண்டே 2007 இறுதிப் போட்டியில் அதே லிவர்பூலை ஜெயித்தார். திட்டித் துரத்தியிருந்தால் யார் மிஞ்சியிருப்பார்கள்?

வேலையின் நிச்சயம் வேண்டுமா? 2010-ல் செல்சிக்கு கோச்சாக இருந்து இங்கிலாந்து லீக், எஃப்.ஏ. கோப்பை இரண்டையும் வாங்கிக் கொடுத்தார். மறுவருடம் சீசனின் கடைசி ஆட்டம் முடிந்த கையோடு நீக்கிவிட்டார்கள். 2019-ல் அவர் கோச்சாக இருந்த நாப்போலி அணி 4-0 ஜெயித்த அன்று ராத்திரியே வேலை போயிற்று. இதெல்லாம் கோடிகளில் சம்பளம் வாங்கியவருக்கு நடந்தது. மாதத் தவணை கட்டுகிற வீட்டில் இந்த விளையாட்டு வேண்டாம். குடும்பத்தைப் பணயம் வைக்கிற ஆசைக்கு லட்சியம் என்று பெயர் சூட்டினாலும் நான் ஏற்கமாட்டேன்.

அவர் பழைய கோச்சிடம் திரும்பப் போய், அந்த உதவியாளர் இடத்தைக் கேட்கட்டும். வேலையை விடாமலே, சாயங்காலங்களில் கோன் அடுக்கட்டும். கோச் ஆவதற்கான டி லைசென்ஸ் வாங்கட்டும். கடன் அடைந்த பிறகு வேண்டுமானால் மீதியைப் பேசுங்கள்.

அதற்கு முன்னால் மகனிடம் உட்கார்ந்து, “நான் செய்தது தப்பு” என்று அவர் சொல்லவேண்டும், உங்கள் கண் முன்னாலேயே. அன்செலோட்டியின் மகன் டேவிடே ஆட்டக்காரராகப் பெரிய பெயர் எடுக்கவில்லை. ஆனால் 2024-ல் ரியல் மாட்ரிட் சாம்பியன்ஸ் லீக் ஜெயித்தபோது அப்பாவுக்குப் பக்கத்தில் உதவிப் பயிற்சியாளராக நின்றார். உங்கள் பையன் திரும்ப ஆடுவதும் ஆடாததும் அவன் இஷ்டம். ஆட வந்தால், மேட்சுக்குப் போகும்போது அப்பாவின் ஃபோனை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.