மெட்டபாலிசத்தில், அதாவது உடலின் வளர்சிதை மாற்றத்தில், பிஎச்டி இடம் கிடைத்திருக்கிறது. என் ஆசையோ புற்றுநோய் ஆராய்ச்சி. சேரலாமா?

தாராளமாகச் சேருங்கள். உயிர்வேதியியல் லேபிலேயே என் காலம் ஓடுகிறது, அதனால் தைரியமாகச் சொல்கிறேன்: நீங்கள் நினைக்கிற அளவுக்கு இரண்டும் வேறு வேறு பாதை இல்லை. இந்திய உயிர்வேதியியலாளர் எல்லாப்ரகட சுப்பாராவின் ஆராய்ச்சி வாழ்க்கையைப் பார்த்தாலே இது புரியும்.

1895இல் பீமவரத்தில் பிறந்தவர். மதராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தபோது காந்தி சொன்னதைக் கேட்டுக் கதர் உடுத்தினார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பொறுக்கவில்லை. முடிவில் எம்பிபிஎஸ் பட்டம் கைக்கு வரவில்லை, அதற்குக் கீழான எல்எம்எஸ்தான் கிடைத்தது. 1922இல் பாஸ்டன் போனார்.

ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க்குடன் சேர்ந்து பாஸ்பரஸை அளக்க ஒரு முறையை உருவாக்கி 1925இல் வெளியிட்டார். உங்கள் பிராக்டிகல் வகுப்பில் நீங்களும் செய்திருப்பீர்கள்: மாதிரியில் அமில மாலிப்டேட்டை ஊற்றி, ஒடுக்கியைச் சேர்த்தால் நீலம் வரும். பாஸ்பேட் கூடக் கூட நீலமும் அடர்த்தியாகும். ரொம்ப நுணுக்கமான சோதனை. பாஸ்பேட் உள்ள சோப்புத்தூளில் கழுவிய குழாயைச் சரியாக அலசாவிட்டால், மாதிரியே போடாத பிளாங்க் கூட நீலமாகிவிடும். அதற்காகவே குழாய்களை அமிலத்தில் ஊறவைப்போம்.

தசைச் சாற்றை இப்படி அளந்தபோது நீலம் வர வேண்டிய வேகத்தில் வரவில்லை. நேரம் போகப் போக ஏறிக்கொண்டே இருந்தது. ஏன் இந்தத் தாமதம் என்று இருவரும் விடாமல் துருவினார்கள். சாற்றில் எளிதில் உடைகிற ஒரு பொருள் இருந்தது, அது உடைய உடையப் பாஸ்பேட் வெளியே வந்தது. அதுதான் தசை ஆற்றலைச் சேமித்து வைக்கும் பாஸ்போகிரியேட்டின், 1927. இரண்டு வருடம் கழித்து, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபியையும் பிரித்தெடுத்தார்கள். அதே 1929இல் ஜெர்மனியில் கார்ல் லோமானும் அதைக் கண்டறிந்தார். புற்றுநோய் என்ற பேச்சே அதுவரை இல்லை என்பதைக் கவனியுங்கள்.

1940இல் லெடர்லி மருந்து நிறுவனத்துக்குப் போனார். அங்கே அவருடைய குழு ஃபோலிக் அமிலம் என்ற பி வைட்டமினைச் செயற்கையாகத் தயாரித்தது. ஸ்புரூ என்ற குடல் நோய்க்கு அவர் தன் சகோதரரைப் பறிகொடுத்தவர், தானும் அதில் அவதிப்பட்டவர். அந்த நோய்க்கு ஃபோலிக் அமிலம் மருந்தானது.

அப்புறம்தான் திருப்பம். பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு ஃபோலிக் அமிலச் சேர்மங்களைக் கொடுத்தபோது நோய் வேகமெடுப்பதுபோலத் தெரிந்தது. அப்படியானால் ஃபோலிக் அமிலத்தை மறித்தால்? சுப்பாராவின் குழு அதைப் போலவே தோற்றமுள்ள அமினோப்டெரினைத் தயாரித்துக் கொடுத்தது. டிஎன்ஏ கட்ட ஃபோலிக் அமிலம் வேண்டும். அதைக் கையாளும் நொதிக்குள் இந்தப் போலி, பூட்டில் மாட்டிக்கொண்ட கள்ளச்சாவி மாதிரி உட்கார்ந்துகொள்ளும். வேகமாகப் பெருகும் செல்தான் முதலில் திணறும். ஃபார்பர் 1948 ஜூனில் வெளியிட்டபடி, மருந்து பெற்ற 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்தது. தற்காலிகம்தான். ஆனால் அதற்கு முன் அந்தப் பெற்றோர்களுக்குச் சொல்ல ஒன்றுமே இருந்ததில்லை. இதை எப்போது படித்தாலும் எனக்கு மனசு கனத்துவிடும். அந்த ஆகஸ்டிலேயே சுப்பாராவ் இறந்துபோனார், வயது 53.

அமினோப்டெரின் குடும்பத்தைச் சேர்ந்த மெத்தோட்ரெக்சேட்டைக் கொண்டு 1956இல் ராய் ஹெர்ட்ஸும் மின் சியூ லீயும் நஞ்சுக்கொடித் திசுவில் வரும் கோரியோகார்சினோமாவை அடக்கிக் காட்டினார்கள். இன்றும் சில புற்றுநோய்களுக்கு மெத்தோட்ரெக்சேட்டைப் பெரிய அளவில் ஏற்றிவிட்டு, நல்ல செல்களைக் காக்க லூகோவோரின் கொடுக்கிறார்கள். அதுவும் ஃபோலிக் அமில வகைதான். மெட்டபாலிசம் தெரியாமல் இப்படி ஒரு சிகிச்சையை யோசிக்கவே முடியாது.

இப்போதும் இந்தத் துறை சூடாகத்தான் இருக்கிறது. ரத்தப் புற்றுநோய் செல்லுக்கு அஸ்பராஜின் என்ற அமினோ அமிலம் கிடைக்காமல் செய்யும் அஸ்பராஜினேஸ், புற்றுநோய் செல்லில் திரிந்துபோன ஐடிஹெச்1 என்ற மெட்டபாலிச நொதியைத் தடுக்கும் ஐவோசிடினிப் இரண்டையும் தேடிப் படியுங்கள். சேருமுன் கைடிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: லேபில் செல் வளர்க்கும் வசதியும் மூலக்கூறுகளை நிறை பார்த்து அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரும் இருக்கின்றனவா, அல்லது வெளியே அனுப்பி அளக்கிறார்களா என்று. அளவீட்டை உங்கள் கையாலேயே செய்ய முடிகிற லேப் என்றால் யோசிக்காமல் சேர்ந்துவிடுங்கள்.