பஸ்ஸுக்குள் வீட்டு ஃபிரிட்ஜ் ஓடுமா?

கேள்வி: கனடாவிலிருந்து வந்து நிற்கும் அண்ணா பழைய ரோசா பஸ் ஒன்றை வாங்கி, குடும்பமாகப் போய்த் தங்கிவர வீடு மாதிரி மாற்றுகிறார். உள்ளே 250 லீற்றர் இரட்டைக்கதவு ஃபிரிட்ஜ் வைக்க விருப்பம். 3000 வாற் இன்வேர்ட்டரும் 150 அம்பியர் லொறி பற்றறி ஒன்றும் போதும், கூரையில் ஒரு சோலார் போட்டால் பிறகு யோசிக்கவே தேவையில்லை என்று கடையில் சொல்கிறார்கள். அம்மாவின் இன்சுலினும் அதற்குள்தான் இருக்கும். சரிவருமா? (வாசகர், புதுக்குடியிருப்பு)

பதில்: வீட்டு ஃபிரிட்ஜ் பஸ்ஸுக்குள் ஓடும். கடையில் சொன்ன சாமான்களோடு ஓடாது. பின்னேரம் போட்டால் விடியும்போது அந்தப் பற்றறி பாதிக்குக் கீழே இறங்கியிருக்கும். லொறிப் பற்றறி எஞ்சினை ஸ்டார்ட் பண்ண ஒரு சில விநாடிக்குப் பெரிய கறண்ட் கொடுக்கச் செய்தது. அதை ஒவ்வொரு இரவும் அடிவரை இறக்கினால் கொஞ்ச நாளில் பழைய இரும்புக்காரரிடம்தான் போகும்.

கடையில் உங்களுக்கு விற்கப் பார்ப்பது 3000 என்ற இலக்கத்தை. பற்றறிக் கறண்டை வீட்டுக் கறண்டாக மாற்றுகிற இன்வேர்ட்டர் குழாய் மாதிரி, பற்றறிதான் தண்ணீர்த் தாங்கி. தாங்கி சின்னதாக இருக்கக் குழாயைப் பெருப்பித்து என்ன பயன்? ஆகவே வாற்றை விட்டுவிட்டு, கரண்ட் பில்லில் வருகிற யூனிற்றில் (1000 வாற் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஒரு யூனிற்) கணக்குப் பாருங்கள்.

இந்த அளவு ஃபிரிட்ஜ் வீட்டுக்குள் ஒரு நாளைக்கு ஒரு யூனிற் அளவில் எடுக்கும். வெயிலில் நிற்கும் பஸ்ஸின் உள்சூடு வேறு. அதற்கு 1.2 யூனிற் என்று வைப்போம். இன்வேர்ட்டர் சும்மா விழித்துக்கொண்டு இருக்கவே 15 வாற் தின்னும். 24 மணித்தியாலத்துக்கு அது 0.36 யூனிற். 12 வோல்ற்றை, 24 வோல்ற்றை 230 ஆக மாற்றும்போது பத்தில் ஒரு பங்கு சூடாகப் போகும். எல்லாம் சேர்ந்து நாளுக்கு ஏறக்குறைய 1.7 யூனிற். இனிக் கடைக்காரரின் பற்றறியைப் பாருங்கள்: 12 வோல்ற், 150 அம்பியர் மணி, முழுவதும் 1.8 யூனிற். ஈயப் பற்றறியில் பாதிக்குமேல் எடுக்கக்கூடாது, ஆக 0.9. அரை நாள்.

இன்வேர்ட்டர் பெரிதாகப் பெரிதாக அது சும்மா தின்பதும் கூடும், ஆகவே 3000 வாற் நட்டம். உங்கள் ஃபிரிட்ஜ், வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடும் 'இன்வேர்ட்டர் கொம்பிரெசர்' வகை என்றால் 1000 வாற் தாராளம். பழைய வகை என்றால் ஸ்டார்ட் பண்ணும் நொடியில் ஓடும்போது எடுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும், அதற்கு 1500, 2000 வேண்டும். எதுவானாலும் இன்வேர்ட்டரில் 'பியூர் சைன்' (வீட்டு லைன் போலவே சீரான அலையாகக் கறண்ட் தருவது) என்று எழுதியிருக்கவேண்டும். மற்றதில் கொம்பிரெசர் இரைந்து சூடாகும். லேபிளில் உள்ள 3000 அநேகமாக ஒரு கணத்துக்கு மட்டும் தாங்கும் அளவு, தொடர்ந்து தரக்கூடியது அதில் பாதி. இந்த லேபிள்களை யார் சரிபார்க்கிறார்கள் என்று நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். பெட்டி துறைமுகத்தில் இறங்கும்போது வரி வாங்கத் தெரிகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்க மட்டும் ஒருவருக்கும் நேரமில்லை.

அடுத்த பொறி, பாவித்த பற்றறி. 2022இல் 13 மணித்தியாலம் கறண்ட் வெட்டியபோது ஊரெல்லாம் இன்வேர்ட்டரும் பற்றறியும் வாங்கிக் குவித்தது. இப்போது அவைதான் 'அவ்வளவாகப் பாவிக்கவில்லை' என்று தரகர் மூலம் கைமாறுகின்றன. சார்ஜ் இல்லாமல் மூலையில் கிடந்த ஈயப் பற்றறி, பாவிக்காமலே செத்துப்போகும். மீற்றரில் 12.6 வோல்ற் காட்டும், சுமை கொடுத்தவுடன் விழும். தரகர் மீற்றரை மட்டும்தான் காட்டுவார். அரை மணித்தியாலம் ஒரு ஃபிரிட்ஜையோ ஹெட்லைற்றையோ கொழுவிப் பார்க்காமல் காசை எடுக்கவேண்டாம்.

உங்களுக்கு நான் சொல்வது லிதியம் இரும்பு பொஸ்பேற் பற்றறி, 24 வோல்ற், 200 அம்பியர் மணி. அது 5 யூனிற், நாலு யூனிற்றைப் பயமில்லாமல் எடுக்கலாம். வெயிலே இல்லாவிட்டாலும் இரண்டு நாள் தாங்கும். விலை கூடத்தான். காசு இடிக்கிறதென்றால் 100 அம்பியரில் தொடங்குங்கள், ஒரு நாள் ஓடும். 24 வோல்ற் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ரோசாவில் பெரும்பாலும் இரண்டு 12 வோல்ற் பற்றறியைத் தொடுத்து 24 ஆக வைத்திருப்பார்கள். சில வயறிங்காரர் அதில் ஒன்றிலிருந்து மட்டும் 12ஐக் களவாக எடுத்து இன்வேர்ட்டருக்குக் கொடுப்பார்கள். ஒரு பற்றறி வற்ற, மற்றது அளவுக்கு மிஞ்சிச் சார்ஜாக, இரண்டும் போகும். எஞ்சின் பற்றறியைத் தொடவே வேண்டாம். வீட்டுப் பக்கத்துக்குத் தனிப் பற்றறி, இடையில் டிசி-டிசி சார்ஜர், அதாவது பஸ் ஓடும்போது எஞ்சின் பக்கத்துக் கறண்டால் வீட்டுப் பற்றறியை ஏற்றுவது. 24 வோல்ற்றில் 20 அம்பியர் சார்ஜர் என்றால் இரண்டு மணித்தியால ஓட்டத்தில் ஒரு யூனிற் ஏறும். யாழ்ப்பாணம் போய்ச் சேர முன்னமே அரை நாள் ஃபிரிட்ஜ் செலவு வந்துவிடும்.

வயரில் மிச்சம் பிடிக்க வேண்டாம். 1000 வாற்றை 12 வோல்ற்றில் எடுத்தால் 90 அம்பியருக்கு மேல், 24இல் அதில் பாதி. வீட்டுச் சுவருக்குள் போடும் 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில் இதை ஓட்டினால் பஸ் எரியும். 25 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர், பற்றறிக்குப் பக்கத்திலேயே பியூஸ்.

சோலார் விஷயம். 550 வாற் பலகை ஒன்று தட்டையான சூடான கூரையில் நல்ல வெயில் நாளில் இரண்டு யூனிற் வரை தரும். இரண்டு போடுங்கள். அகலத்தில் வைத்தால் வெளியே துருத்தும், நீளவாக்கில் ஒன்றன்பின் ஒன்றாக வையுங்கள். ஆனால் ஆவணியில் மடு மாதா திருவிழாவுக்குப் போனால் பஸ்ஸை எங்கே விடுவீர்கள்? மர நிழலில். பலகையில் ஒரு மூலை நிழல் விழுந்தாலே அது தருவது நன்றாகக் குறைந்துபோகும். வெயிலில் விட்டால் பலகை வேலை செய்யும், ஃபிரிட்ஜும் கூடுதலாய்ச் சாப்பிடும். இதற்கு நல்ல தீர்வு கிடையாது. காலையில் வெயிலில் விட்டுப் பதினொரு மணிக்குமேல் நிழலுக்கு எடுங்கள். ஐப்பசி முதல் மாரி முடியும்வரை சோலாரை நம்பவே வேண்டாம். வளவில் நிற்கும்போது வீட்டு பிளக்கில் சார்ஜரைக் கொழுவி ஏற்றுங்கள். வீட்டுக் கூரையில் மின்சார சபை லைனோடு சேர்த்துப் போடும் சோலார் இன்வேர்ட்டரைப் பஸ்ஸுக்கு யாரும் தள்ளிவிட வந்தால் துரத்துங்கள், லைன் இல்லாமல் அது எழும்பாது.

அண்ணா கனடாவிலிருந்து ஃபிரிட்ஜையே கொண்டுவர யோசிக்கக்கூடும். அங்கே 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230, 50. வேண்டாம்.

இனி இன்சுலின். இதில் மட்டும் நான் சொன்ன கணக்கெல்லாம் பிறகு. குளிரில்லாமல் தயிர் புளித்தால் கொட்டிவிடலாம். இன்சுலின் கெட்டது பார்வைக்குத் தெரியாமலே இருக்கலாம், சீனி ஏறியபிறகுதான் தெரியும். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகைக்குள் இருக்கவேண்டும். திறந்து பாவிப்பதைப் பெரும்பாலும் 30 பாகைக்குக் கீழ் நாலு கிழமை அளவில் வைக்கலாம், எவ்வளவு என்று உங்கள் பெட்டியில் எழுதியிருப்பதே சரி. வன்னி வெயிலில் பஸ்ஸுக்குள் 30 என்பது காலை எட்டு மணிக்கே தாண்டும். ஆகவே இன்வேர்ட்டரை நம்பிய ஃபிரிட்ஜில் அம்மாவின் முழு மருந்தையும் வைக்காதீர்கள். இன்வேர்ட்டர் ஒருமுறை டிரிப் ஆகி நீங்கள் கடலுக்குப் போயிருந்தால் போதும். பயணத்துக்குத் தேவையானதை மட்டும் எடுத்து, 24 வோல்ற்றில் நேரே ஓடும் சின்னக் கொம்பிரெசர் பெட்டியில் வையுங்கள், அதற்கு இன்வேர்ட்டரே வேண்டாம். உள்ளே ஒரு வெப்பமானி. ஐஸோடு ஒட்டி வைக்கக்கூடாது, ஃபிரீசருக்குப் பக்கத்திலும் கூடாது. ஒருமுறை உறைந்த இன்சுலின் இளகினாலும் எறிய வேண்டியதுதான். எல்லாம் கைவிட்டால், ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு மண்சட்டி, இடையில் ஈரமணல், மேலே நனைத்த துணி. திறந்து பாவிக்கிற குப்பிக்குச் சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் அது நன்றாக உதவும், மாரியில் காற்று ஈரமாக இருப்பதால் அவ்வளவாக உதவாது. மிச்சத்தைக் கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஃபிரிட்ஜை எஞ்சின் பக்கம் வைக்காமல், பின்னால் காற்றுப்போக இடம் விட்டு, நாலு பக்கமும் பட்டியால் கட்டி, கதவுக்குக் கொளுக்கி போடுங்கள். அப்புறம் எதையும் வாங்க முன், வீட்டிலுள்ள ஃபிரிட்ஜை ஒரு நாள் பஸ்ஸுக்குள் ஏற்றி, வீட்டு பிளக்கிலிருந்து யூனிற் காட்டும் சின்ன மீற்றர் வழியாக ஓடவிட்டுப் பாருங்கள். மறுநாள் அதே நேரத்தில் மீற்றர் காட்டுகிற இலக்கத்தோடு கடைக்குப் போங்கள். தொடர்ந்து எத்தனை வாற் தரும் என்பதைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் வேறு கடை பாருங்கள்.