தினமும் பேக்கப் எடுக்கிறேனே, போதாதா?

கேள்வி: ஆறு பேர் வேலை பார்க்கும் சின்ன அலுவலகம் எங்களுடையது. பில், கணக்கு, கஸ்டமர் விவரம் எல்லாமே ஒரு கம்ப்யூட்டரில்தான். அதிலேயே ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் எப்போதும் செருகியிருக்கும், ராத்திரி தானாக பேக்கப் ஆகிவிடும். போதாதா? எங்களையெல்லாம் தேடி எந்த ஹேக்கர் வரப்போகிறான்?

பதில்: தேடி வர மாட்டான், ஒப்புக்கொள்கிறேன். தேடாமலே வந்து சேர்வதுதான் தொல்லை. 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வைரஸ், பரவியபோது, இது யாருடைய கம்ப்யூட்டர், இவருக்கு வருமானம் எவ்வளவு என்றெல்லாம் அது விசாரிக்கவில்லை. அப்டேட் போடாத விண்டோஸ் எங்கே கிடைத்ததோ அங்கே புகுந்து, அங்கிருந்து அடுத்த கம்ப்யூட்டருக்குத் தானாகவே தாவியது. ஏறக்குறைய 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் மாட்டின, பிரிட்டனில் ஆஸ்பத்திரிகளே நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்தது. இத்தனைக்கும் அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. அப்டேட் கேட்கும்போதெல்லாம் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று தட்டிவிடும் பழக்கம் எனக்கும் இருந்ததுதான்.

சரி, உங்கள் டிஸ்க்குக்கு வருவோம். ரான்சம்வேர் உள்ளே வந்தால் அந்த கம்ப்யூட்டருக்கு எட்டும் எல்லா டிரைவிலும் கை வைக்கும். நண்பர் ஒருவரின் அலுவலகத்தில் இதை நேரில் பார்த்தேன். ஃபோல்டர் பெயர்கள் அப்படியே இருந்தன, உள்ளே போனால் ஒவ்வொரு ஃபைலின் பெயருக்குப் பின்னாலும் புரியாத ஏழெட்டு எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தன, எதைத் திறந்தாலும் திறக்கவில்லை. ஃபோல்டருக்கு ஒன்றாக ஒரு நோட்பேட் ஃபைல், ‘பணம் கட்டினால் திருப்பித் தருகிறோம்’ என்று. பேக்கப் டிஸ்க்கைத் திறந்தார், அதிலும் அதே நோட்பேட் ஃபைல். மனிதர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். உங்களைப் போலத்தான், செருகியது செருகியபடியே வைத்திருந்தார்.

அதே 2017 ஜூனில் நாட்பெட்யா என்று இன்னொன்று வந்தது. மெர்ஸ்க் என்ற பெரிய கப்பல் நிறுவனத்தின் நெட்வொர்க்கையே துடைத்துப்போட்டது. யார் எந்தக் கம்ப்யூட்டரில் நுழையலாம் என்பதைப் பார்த்துக்கொள்ளும் முக்கிய சர்வர்கள் ஒன்றுக்கொன்று நகல் எடுத்துக்கொண்டே இருந்ததால் எல்லாமே ஒன்றாகப் போயின. மிஞ்சியது கானாவில் இருந்த ஒன்று மட்டும். ஏன் தெரியுமா? அந்த நேரம் பார்த்து அங்கே கரன்ட் போயிருந்தது! அவ்வளவு பெரிய நிறுவனம் மீண்டும் எழுந்து நிற்க அந்த ஒரு சர்வர்தான் கைகொடுத்தது.

நீங்கள் கரன்ட் போகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இரண்டு டிஸ்க் வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள், பேக்கப் முடிந்ததும் பிடுங்கிவிடுங்கள், அதில் ஒன்று எப்போதும் அலுவலகத்துக்கு வெளியே இருக்கட்டும். தீப்பிடித்தாலும் திருட்டுப் போனாலும் அதுதான் மிஞ்சும். க்ளவுடில் போட்டு வைத்திருக்கிறேன் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே ஃபைல் கெட்டால் அங்கேயும் கெட்ட ஃபைல்தான் போய் உட்காரும், அதனால் பழைய வெர்ஷன்களை எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், மாதம் ஒருமுறை பேக்கப்பிலிருந்து ஒரு பழைய பில்லை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். திறக்காத பேக்கப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கேள்வி: மாதாமாதம் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னால் ஸ்டாஃப் அதை எழுதி மானிட்டரிலேயே ஒட்டிவிடுகிறார்கள். திட்டியும் பார்த்துவிட்டேன்.

பதில்: தப்பு அவர்கள் மேல் இல்லை. மாதாமாதம் மாற்றச் சொன்னால் கடைசியில் இருக்கும் 1-ஐ 2 ஆக்குவார்கள், வேறென்ன செய்வார்கள்? அடிக்கடி மாற்றச் சொல்லும் பழைய வழக்கத்தை அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட்டே 2017-ல் கைவிட்டுவிட்டது. கசிந்துவிட்டது என்று தெரிந்தால் மாற்றினால் போதும். நாலைந்து சம்பந்தமில்லாத சொற்களைக் கோர்த்து நீளமாக வைக்கச் சொல்லுங்கள், இமெயிலுக்கும் பேங்குக்கும் வெவ்வேறாக.

நான் உங்களைத் திட்டுவதானால் வேறொன்றுக்குத் திட்டுவேன். ஆறு பேருக்கும் சேர்த்து ஒரே லாகின்தானே? வேலையை விட்டுப் போனவருக்கும் இன்னும் அது தெரியும்தானே? ஆளுக்கொரு லாகின் கொடுங்கள், போகிற அன்றே மூடுங்கள், கூடவே பாஸ்வேர்டுக்குப் பிறகு போனில் வரும் எண்ணையும் கேட்கும் இரண்டாவது சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள். 2021-ல் அமெரிக்காவில் குழாய் வழியே எரிபொருள் அனுப்பும் கலோனியல் பைப்லைன் நிறுவனத்துக்குள் நுழைந்தவர்கள் புழக்கத்திலேயே இல்லாத ஒரு பழைய கணக்கின் வழியாகத்தான் நுழைந்தார்கள். பாஸ்வேர்டு மட்டுமே போதுமாக இருந்த கணக்கு அது.

கேள்வி: வழக்கமாகச் சரக்கு அனுப்புபவர் பேங்க் கணக்கை மாற்றிவிட்டதாக மெயில் போட்டிருக்கிறார். பில், லோகோ எல்லாம் சரியாக இருக்கிறது. அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள், முதலில் போன் போடுங்கள். மெயிலின் அடியில் இருக்கும் நம்பருக்கு அல்ல, உங்கள் போனில் முன்பிருந்தே இருக்கும் நம்பருக்கு. முகவரியையும் எழுத்து எழுத்தாகப் படியுங்கள். ஆங்கிலத்தில் ‘எம்’ வர வேண்டிய இடத்தில் ‘ஆர்’, ‘என்’ இரண்டும் ஒட்டி நின்றால் அவசரத்தில் கண்ணுக்குத் தெரியாது. முகவரி சரியாக இருந்தாலும் நம்பிவிட வேண்டாம், அவருடைய மெயில் பெட்டிக்குள்ளேயே யாராவது உட்கார்ந்திருக்கலாம். உங்களுடையதிலும் இருக்கலாம். மெயில் செட்டிங்ஸில் ஃபார்வர்டிங், ஃபில்டர் இரண்டையும் திறந்து, நீங்கள் போடாத விதி ஏதாவது இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். ‘பில்’ என்ற சொல் வரும் மெயிலையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டு இங்கே மறைத்துவிடும்படி விதி போட்டு வைப்பது இவர்களுடைய வழக்கம்.

கேள்வி: பழைய லேப்டாப்பை விற்கப் போகிறேன். ஃபைல்களை டெலீட் செய்து ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டேன். சரிதானே?

பதில்: இல்லை. டெலீட் என்பது பல நேரம் பொருளடக்கத்தைக் கிழிப்பது மாதிரி, பக்கங்கள் உள்ளேயே இருக்கும். விண்டோஸில் ரீசெட் செய்யும்போது டிரைவையும் சுத்தம் செய்யச் சொல்லும் விருப்பம் ஒன்று உண்டு, நேரம் பிடிக்கும், அதைப் போட்டுவிட்டு இரவு தூங்கப் போங்கள். புது லேப்டாப்பில் முதல் நாளே டிரைவ் முழுவதையும் பூட்டிவைக்கும் டிரைவ் என்கிரிப்ஷனை ஆன் செய்துவிடுங்கள், தொலைந்தாலும் எடுத்தவரால் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. அவசரத்துக்கு அந்தப் பூட்டைத் திறக்கும் ரெகவரி கீயை மட்டும் அந்த லேப்டாப்பிலேயே சேமித்து வைக்காதீர்கள். செய்தவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்க வேண்டுமா?

பதில்: சின்ன அலுவலகத்துக்கு விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே போதும் என்பேன், யாரும் அணைத்து வைக்காமல் இருந்தால். அதைவிட முக்கியம், எந்த விண்டோஸ் என்று பாருங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு, அதாவது ஓட்டைகளை அடைக்கும் வழக்கமான அப்டேட், 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. பில் போடும் அந்தக் கம்ப்யூட்டர் இன்னும் அதில்தான் ஓடுகிறது என்றால், ஆன்டிவைரஸுக்கு வைத்திருக்கும் காசை அதை மாற்றுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.